அந்தப் பத்துப் புள்ளி எங்கே போனது? சர்வதேச ஸ்கேட்டிங் யூனியனுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் நிர்வாகக் குழுவினர்,
சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன்,
லோசான், சுவிட்சர்லாந்து.

ஐயா, அம்மா, வணக்கம்.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஐஸ் மேல் ஒருநாளும் நின்றதில்லை. எங்கள் பக்கம் ஐஸைப் பார்க்க வேண்டுமென்றால் மீன் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் கரும்புச்சாறு வண்டிக்கு. ஆனால் புள்ளி போடத் தெரியும். 31 வருடம் விளையாட்டு விழாக்களில் மைதான ஓரம் மேஜை போட்டு உட்கார்ந்து, யார் எத்தனையாவது, எந்த அணிக்கு எவ்வளவு என்று எழுதியவன். அந்தத் தகுதியில்தான், 2022 ஒலிம்பிக்கில் ஐஸ் மேல் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் அணிப் போட்டியில் ஒருவரை நீக்கிய பிறகு நீங்கள் போட்ட புள்ளிக் கணக்கைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன்.

என் பேத்தி ரோலர் ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போகிறாள். கூட்டிக்கொண்டு போவதும், வகுப்பு முடியும்வரை காம்பவுண்டுச் சுவர் ஓரம் காத்திருப்பதும் என் வேலை. அந்தப் பழக்கத்தில், 2022 பிப்ரவரியில் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் வந்தபோது ஃபிகர் ஸ்கேட்டிங் அணிப் போட்டியை இரண்டு பேருமாகக் கைப்பேசியில் பார்த்தோம். அவள் கண் உடுப்பின் மினுமினுப்பிலும் சுழற்சியிலும் இருந்தது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பழைய நோட்டு ஒன்றை எடுத்து, கட்டம் போட்டு, யார் எந்த இடம் என்று எழுதிக்கொண்டே வந்தேன். இந்த மடலுக்குக் காரணமே அந்த நோட்டுதான்.

உங்களுக்கு இது தெரிந்த கதை. கூட இருந்து படிக்கிறவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பத்து நாட்டு அணிகள். ஆண்கள், பெண்கள், ஜோடி, ஐஸ் நடனம் என்று நான்கு பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் முதலில் ஷார்ட் எனப்படும் சின்ன ஆட்டம். முதலில் வந்தவருக்கு 10 புள்ளி, அடுத்தவருக்கு 9, இப்படி இறங்கிக் கடைசிக்கு 1. இது முடிந்ததும் முதல் ஐந்து அணிகள் மட்டும் ஃப்ரீ எனப்படும் பெரிய ஆட்டத்துக்குப் போகும். அங்கே 10, 9, 8, 7, 6. ஆக எட்டு ஆட்டம். எட்டிலும் முதலில் வந்தால் 80.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடுவர்கள் போடும் மார்க் அணிக் கணக்கில் ஏறாது. ஏறுவது இடம் மட்டும்தான். பெண்கள் ஷார்ட்டில் ரஷ்யப் பெண் கமிலா வலியேவா எடுத்தது 90.18. இரண்டாவது வந்த ஜப்பானின் வகாபா ஹிகுச்சி எடுத்தது 74.73. பதினைந்து மார்க்குக்கு மேல் வித்தியாசம். அணிக் கணக்கில் அது 10-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். யாருக்குப் பின்னால் யார் என்பதே இந்தப் போட்டியின் உயிர். இந்த மடல் முழுக்க இதைத்தான் சுற்றிச் சுற்றி வரப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 7-ஆம் தேதி போட்டி முடிந்தபோது என் நோட்டில் இருந்த கணக்கு: ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி அணி 74, அமெரிக்கா 65, ஜப்பான் 63, கனடா 53, சீனா 50. உங்கள் பலகையிலும் இதுவேதான். நோட்டை மூடி வைத்தேன்.

அதன் பிறகு நடந்ததை உலகமே பார்த்தது. வலியேவாவிடம் 2021 டிசம்பர் 25 அன்று, ரஷ்யாவின் தேசியப் போட்டியின்போது எடுத்த சிறுநீர் மாதிரியில் டிரைமெட்டாசிடின் என்னும் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது என்று ஸ்டாக்ஹோம் ஆய்வகத்தின் முடிவு வந்தது. ஆறு வாரம் கழித்து, அணிப் போட்டி முடிந்த பிறகு! டிரைமெட்டாசிடின் என்றால் ஏதோ வெளிநாட்டு மர்மப் பொருள் இல்லை. நெஞ்சுவலிக்காரர்களுக்கு இங்கேயும் டாக்டர்கள் எழுதித் தருகிற மாத்திரைதான். என் வயதுக்காரர்கள் பலர் மாத்திரை டப்பாவில் வைத்திருப்பார்கள். பதினைந்து வயதுப் பெண்ணின் உடம்பில் அதற்கு என்ன வேலை என்பதற்கு, தாத்தாவின் மாத்திரை, ஸ்ட்ராபெர்ரி இனிப்பு என்று விளக்கம் வந்தது. விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

பதக்கம் தரும் விழா நின்றுபோனது. ரஷ்யாவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அந்தப் பெண் மேல் தவறில்லை என்றது. நீங்களும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பும் மேல்முறையீட்டுக்குப் போனீர்கள். அதற்காக உங்களைப் பாராட்டவே செய்கிறேன். 2024 ஜனவரி 29 அன்று தீர்ப்பு வந்தது. நான்கு வருடத் தடை, 2021 டிசம்பர் 25 முதல். அந்தத் தேதிக்குப் பிறகு அவர் ஆடிய எல்லாப் போட்டி முடிவுகளும் ரத்து.

அன்று ராத்திரி நோட்டைத் தேடி எடுத்தேன். பழக்கதோஷம். மைதானத்தில் ஒரு பிள்ளையைத் தகுதிநீக்கம் செய்தால் முதல் வேலை பெயரை அடிப்பது, இரண்டாவது வேலை கீழே உள்ளவர்களை ஒரு படி ஏற்றுவது. அதைச் செய்தேன். ஷார்ட்டில் வலியேவா பெயரை அடித்தால் ஹிகுச்சி முதல், கனடாவின் மேடலின் ஸ்கீஸாஸ் இரண்டாவது. ஃப்ரீயில் அடித்தால் ஜப்பானின் கவோரி சகமோட்டோ முதல், ஸ்கீஸாஸ் மறுபடியும் இரண்டாவது. அமெரிக்காவின் கேரன் சென் ஐந்திலிருந்து நான்குக்கும், நான்கிலிருந்து மூன்றுக்கும் வருகிறார். கூட்டிப் பார்த்தால் அமெரிக்கா 67, ஜப்பான் 65, கனடா 55. ரஷ்ய அணிக்கு வலியேவாவின் இருபது புள்ளி போய் 54. கனடாவுக்கு வெண்கலம் என்று அடிக்கோடு போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் உங்கள் அறிவிப்பு வந்தது. அமெரிக்கா 65, ஜப்பான் 63, ரஷ்ய அணி 54, கனடா 53.

கூட்டலில் தப்பு விட்டுவிட்டேனோ என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி கூட்டினேன். தப்பு இல்லை. நீங்கள் முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவது வேலையைச் செய்யாமல் விட்டிருந்தீர்கள். வலியேவாவின் இருபது புள்ளியை எடுத்தீர்கள். ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதே இடத்தில், அதே 9, அதே 8. பெண்கள் ஷார்ட்டில் பத்துப் புள்ளி யாருக்கும் இல்லை, ஃப்ரீயிலும் யாருக்கும் இல்லை. ஆளே இல்லாத ஒருவரிடம் ஹிகுச்சி தோற்றிருக்கிறார், சகமோட்டோ தோற்றிருக்கிறார். ஸ்கீஸாஸ் இரண்டு முறை தோற்றிருக்கிறார்.

இதற்கு நீங்கள் தந்த விளக்கத்தையும் படித்தேன். புள்ளிகளை மறுபடி பங்கிட்டால் இந்த விவகாரத்தில் சம்பந்தமே இல்லாத அணிகளின் வரிசை பாதிக்கப்படலாம் என்பது அதன் சாரம். யோசித்துப் பார்த்தேன். முதலில் நியாயம் போலத்தான் இருந்தது. ஏன் என்றால் இந்தத் தலைவலி எனக்கும் தெரியும்.

எங்கள் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு அணி. ஓட்டப்பந்தயத்தில் முதலுக்கு 5, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 1. ஒருமுறை சிவப்பு முதல், நீலம் இரண்டு, பச்சை மூன்று, மஞ்சள் நான்கு. நீலத்துப் பையன் வளைவில் தன் கோட்டை விட்டு உள்ளே ஓடிவிட்டான் என்று நீக்கினோம். பச்சை ஏறி 3 வாங்கியது, மஞ்சளுக்கு 1 வந்தது. சிவப்பு ஏறுவதற்கு மேலே இடமில்லை. மொத்தக் கணக்கில் சிவப்பும் பச்சையும் ஒரு புள்ளியில் முட்டிக்கொண்டிருந்த நேரம் அது. சிவப்பு அணிப் பொறுப்பாசிரியர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. ஒரு தப்பும் செய்யாத எங்கள் பிள்ளைகள் ஏன் கோப்பையை இழக்க வேண்டும் என்று கேட்டார். அவர் கேட்டதில் பொருள் இருந்தது. நீங்கள் சொல்லும் பயமும் இதுதான். நடுவில் இருப்பவரை எடுத்தால் கீழே உள்ளவர்கள் மட்டும் ஏறுவார்கள், மேலே உள்ளவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது, வரிசை கலையும்.

ஆனால் பெய்ஜிங்கில் நீங்கள் எடுத்தது நடுவில் இருந்தவரை இல்லை. இரண்டு ஆட்டத்திலும் முதலில் இருந்தவரை. முதலில் இருப்பவரை எடுத்தால் மற்ற எல்லோரும் ஒரே அளவில் ஏறுவார்கள். ஷார்ட்டில் ஒன்பது அணிக்கும் ஆளுக்கு ஒன்று. ஃப்ரீயில் நான்கு அணிக்கும் ஆளுக்கு ஒன்று. அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இடையே இருந்த இரண்டு புள்ளி வித்தியாசம் 65, 63 என்றாலும் இரண்டுதான், 67, 65 என்றாலும் இரண்டுதான். சீனா 50-லிருந்து 52-க்குப் போகும். ஃப்ரீக்குப் போகாத ஐந்து அணிகளுக்கும் ஒன்று ஒன்று கூடும், அவர்களுக்குள்ளும் ஒன்றும் மாறாது. சம்பந்தமே இல்லாத எந்த அணியும் இன்னொரு சம்பந்தமே இல்லாத அணியைத் தாண்டிப் போகவில்லை. மாறுவது ஒரே இடம். கனடா ரஷ்ய அணியைத் தாண்டுகிறது. இந்த விவகாரத்தில் சம்பந்தமுள்ள அணி அது ஒன்றுதான். ஆக நீங்கள் சொன்ன காரணம் வேறு ஏதாவது போட்டிக்குப் பொருந்தலாம், இந்தப் போட்டிக்குப் பொருந்தவில்லை. இதை நீங்கள் கூட்டிப் பார்க்காமல் இருந்திருப்பீர்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. உங்களிடம் என்னைவிட நல்ல நோட்டு இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏற்றுவது உங்களுக்குத் தெரியாத வேலை இல்லை. அதே பெய்ஜிங்கில் ஒரு வாரம் கழித்துப் பெண்கள் தனிப் போட்டி நடந்தது. வலியேவா ஆடலாம் என்று இடைக்காலமாக அனுமதி வந்திருந்தது. ஷார்ட் முடிந்து ஃப்ரீக்குப் போவது வழக்கமாக 24 பேர். அன்று 25 பேரை விட்டீர்கள். ஏன்? வலியேவா பின்னால் நீக்கப்பட்டால் அவரால் ஒரு பெண்ணின் இடம் பறிபோயிருக்கக் கூடாது என்பதற்காக. அருமையான யோசனை. அந்த 25-ஆவது இடத்தில் ஃபின்லாந்தின் யென்னி சாரினன் ஆடினார். தகுதிநீக்கம் ஆனவர் கணக்கிலேயே இல்லை, அவருக்குப் பின்னால் இருப்பவர்தான் உண்மையில் அந்த இடத்துக்காரர் என்கிற நியாயம் அன்று உங்களுக்குப் புரிந்திருந்தது. அந்தத் தனிப் போட்டியில் வலியேவா நான்காவதாக முடித்தார். அவரை நீக்கிய பிறகு ஐந்தாவதாக இருந்த ஹிகுச்சி நான்காவதாக ஏறினார். அதற்கு ஒரு மாதம் முன்னால் எஸ்டோனியாவின் டாலினில் நடந்த ஐரோப்பியப் போட்டியிலும் அப்படித்தான். முதலில் வந்த வலியேவாவை நீக்கியதும் பெல்ஜியத்தின் லோயேனா ஹெண்ட்ரிக்ஸ் நான்கிலிருந்து மூன்றுக்கு வந்தார்.

அதே பெண், அதே சிறுநீர் மாதிரி, அதே தீர்ப்பு. டாலினில் எல்லோரும் ஏறினார்கள். பெய்ஜிங் தனிப் போட்டியில் எல்லோரும் ஏறினார்கள். பெய்ஜிங் அணிப் போட்டியில் மட்டும் ஒருவரும் ஏறவில்லை.

கனடா தரப்பு உங்கள் விதி 353-ஐக் காட்டித்தான் வழக்குப் போட்டது. தகுதிநீக்கம் ஆனவருக்குக் கீழே இருந்தவர்கள் அதற்கேற்ப மேலே வருவார்கள் என்பது அதில் இருக்கிறது. 2024-இல் நீதிமன்றம் கனடாவின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ரஷ்யர்கள் போட்ட முறையீடும் நிற்கவில்லை. சரி, தீர்ப்புக்குத் தலைவணங்குகிறேன். அந்தக் கதவைத் திறக்கச் சொல்லி நான் எழுதவில்லை. நீங்கள் செய்தது செல்லும் என்று ஆகிவிட்டது. செல்லுமா என்பது வேறு கேள்வி, கணக்கு சரியா என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு நீதிபதியைக் கேட்க முடியாது, புள்ளி போட்டவரைத்தான் கேட்க வேண்டும்.

ரஷ்ய அணியின் மற்ற ஐந்து பேர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். மார்க் கொண்ட்ராத்யுக், ஜோடியில் மிஷினாவும் கல்யாமோவும், நடனத்தில் சினித்சினாவும் கட்சலாபோவும். பெண்கள் ஆட்டம் இரண்டும் போனாலும் மீதி ஆறு ஆட்டத்தில் 60-க்கு 54 எடுத்திருக்கிறார்கள். இது சாதாரணம் இல்லை. எட்டில் இரண்டு ஆட்டத்தைப் பூஜ்யமாக்கிக்கொண்டும் மேடையை ஒட்டி நிற்கிற அணி எப்பேர்ப்பட்ட அணி! அந்த 54-இல் ஒரு புள்ளியைக்கூடக் குறையுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நான் கேட்பது அவர்களைப் பற்றி இல்லை. மேடலின் ஸ்கீஸாஸ் அந்த இரண்டு நாளும் இரண்டாவது வந்தாரா, மூன்றாவது வந்தாரா? இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம். மூன்றாவது என்றால், முதலாவது யார்?

வலியேவாவைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. பதினைந்து வயது. பெண்கள் ஃப்ரீயில் அவர் நான்கு சுற்றுத் தாவலைப் போட்டு இறங்கியபோது கைப்பேசியை நானும் பேத்தியும் மாறி மாறிப் பிடுங்கிக்கொண்டோம். ஒலிம்பிக்கில் ஒரு பெண் அதைச் செய்தது அன்றுதான் முதல்முறை. இப்போது அந்த ஆட்டமே கணக்கில் இல்லை. பத்து நாள் கழித்துத் தனிப் போட்டியில் அவர் விழுந்து விழுந்து எழுந்ததையும் பார்த்தோம். பேத்தி பாதியில் எழுந்து போய்விட்டாள். அந்தப் பிள்ளையைச் சுற்றிப் பயிற்சியாளர், டாக்டர், நிர்வாகி என்று எத்தனையோ பெரியவர்கள் இருந்திருப்பார்கள். தடை உத்தரவில் இருப்பது அந்தப் பிள்ளையின் பெயர் மட்டும். அதே வருடம் ஜூனில் புக்கெட்டில் கூடி, பெரியவர்கள் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து 17-க்குப் படிப்படியாக உயர்த்தினீர்கள். ஆதரவு 100 ஓட்டு, எதிர்ப்பு 16. வேண்டும் என்று நினைத்தால் நான்கே மாதத்தில் விதியை மாற்ற உங்களால் முடிகிறது என்பதற்காகவும்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்தது தாமதம். பதக்கம் தந்த விழா 2024 ஆகஸ்ட் 7, பாரீஸில். போட்டி முடிந்தது 2022 பிப்ரவரி 7. மிகச் சரியாக இரண்டரை வருடம், ஒரு நாள் கூடவும் இல்லை குறையவும் இல்லை. கோடைக்கால ஒலிம்பிக் நடுவே, ஈஃபிள் கோபுரத்துக்கு எதிரே, நல்ல வெயிலில் ஐஸ் வீரர்கள் தங்கம் வாங்கினார்கள். பெய்ஜிங்கிலிருந்து அமெரிக்கர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் அப்போதைய தலைவர் அவர்களுக்கு ஒலிம்பிக் தீபக்கோலைக் கொடுத்து அனுப்பினாராம். கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்துபோய், வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையை மட்டும் கொடுத்து அனுப்புவது போல. உங்கள் அலுவலகமும், ஒலிம்பிக் கமிட்டியும், நீதிமன்றமும் மூன்றும் லோசானில்தான் இருக்கின்றன. கோப்பு மாஸ்கோவுக்குப் போய் வந்த நாளைக் கழித்தாலும், ஒரே ஊருக்குள் இத்தனை நாள் எப்படி ஆனது என்று தெரியவில்லை.

தாமதம் எனக்கு ஏன் உறுத்துகிறது என்பதற்குக் காரணம் உண்டு. பல வருடம் முன்னால் மாவட்ட அளவிலான போட்டியில் எங்கள் பெண்கள் 4x100 தொடர் ஓட்டத்தில் நான்காவது வந்தார்கள். மூன்றாவது வந்த அணியில் வயது கூடிய பெண் ஓடியிருக்கிறாள் என்று புகார் போனது. விசாரணை நடந்தது, அந்த அணியை நீக்கினார்கள், எங்கள் பிள்ளைகளுக்கு மூன்றாமிடச் சான்றிதழ் என்று முடிவானது. எல்லாம் சரியாகத்தான் நடந்தது. சான்றிதழ் தபாலில் வந்து சேர்ந்தபோது கல்லூரிச் சேர்க்கை முடிந்துபோயிருந்தது. நால்வரில் ஒருத்தி விளையாட்டு ஒதுக்கீட்டை நம்பி இருந்தவள். பிறகு அவள் ஜவுளிக்கடையில் வேலைக்குப் போனாள். நான் அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அவள் கடைக்கே போய்க் கொடுத்தேன். வாடிக்கையாளர் நின்றுகொண்டிருந்தார்கள். "நன்றி சார்" என்று வாங்கி, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சேலையை விரித்துக் காட்டப் போய்விட்டாள். அந்தப் பெண்ணிடம் நான் வேறு என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பாரீஸ் விழாவைப் பார்த்தபோது அவள் முகம்தான் வந்தது. அவளுக்காவது தாமதமானாலும் மூன்றாமிடம் என்று எழுதி வந்தது. கனடாவின் எட்டுப் பேருக்கு அதுவும் இல்லை.

உங்களால் வேகமாகவும் முடியும். 2002-இல் சால்ட் லேக் சிட்டியில் ஜோடிப் போட்டி முடிவில் பிரான்ஸ் நடுவர் மீது புகார் எழுந்தது. போட்டி பிப்ரவரி 11. ஒரு வாரம் ஆவதற்குள் கனடாவின் ஜேமி சாலேக்கும் டேவிட் பெலட்டியேக்கும் இரண்டாவது தங்கம் கொடுத்தாகிவிட்டது. ரஷ்ய ஜோடி தங்கத்தை வைத்துக்கொண்டது, சீன ஜோடி வெண்கலத்தோடு நின்றது. அந்த முடிவிலும் எனக்குக் கேள்வி உண்டு, அது வேறு மடல். ஆனால் அந்தக் குளறுபடிக்குப் பிறகுதான் 6.0 என்கிற பழைய மார்க் முறையையே தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் தனித்தனியாக மதிப்புப் போடும் இன்றைய முறையைக் கொண்டுவந்தீர்கள். ஒரு தாவலில் கால் சுற்று குறைந்தால்கூட மெதுவாக ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறீர்கள். எந்தக் காலில், கத்தியின் எந்த விளிம்பில் எழும்பினார் என்று பார்க்கிறீர்கள். தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை மார்க் போகிறது. இத்தனை நுணுக்கமாக அளந்து யார் யாருக்குப் பின்னால் என்று கண்டுபிடித்துவிட்டு, கடைசியில் முதலிடத்தைக் காலியாக விடுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

காலியாக விட்டது யாருக்கும் சாதகமில்லாத நடுநிலை என்று உங்களில் யாராவது நினைக்கலாம். புள்ளி மேஜையில் உட்கார்ந்தவன் அதை ஒப்புக்கொள்ள மாட்டான். ஏற்றினால் கனடா மூன்றாவது. ஏற்றாவிட்டால் ரஷ்ய அணி மூன்றாவது. இரண்டில் எதைச் செய்தாலும் ஒரு முடிவைத்தான் செய்கிறீர்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றதும் ஒரு அணிக்குப் பதக்கத்தைக் கொடுத்திருக்கிறது. அதுவும் தகுதிநீக்கம் ஆனவர் எந்த அணியைச் சேர்ந்தவரோ அதே அணிக்கு.

நான் கேட்பது அதிகமில்லை. பதக்கத்தை மாற்றச் சொல்லவில்லை. அதற்கான நேரமும் இடமும் தாண்டிவிட்டது. முதலாவது, அந்தக் கணக்கை வரி வரியாக வெளியிடுங்கள். பெண்கள் ஷார்ட், பெண்கள் ஃப்ரீ இரண்டிலும் ஏற்றினால் என்ன வரும், ஏற்றாவிட்டால் என்ன வரும், சம்பந்தமில்லாத எந்த அணி எப்படிப் பாதிக்கப்படும் என்று காட்டுங்கள். நான் தப்பாகக் கூட்டியிருந்தால் சந்தோஷமாகத் திருத்திக்கொள்வேன். இரண்டாவது, அணிப் போட்டியில் ஒருவர் பின்னால் நீக்கப்பட்டால் என்ன செய்வீர்கள் என்பதை உங்கள் விதிப் புத்தகத்தில் எந்த வாசகத்தில் எழுதினாலும், அதற்குக் கீழே ஓர் உதாரணக் கணக்கும் போடுங்கள். முதலில் இருந்தவர் போனால் இப்படி, நடுவில் இருந்தவர் போனால் இப்படி என்று. ஆடப்போகிற பிள்ளைகள் ஐஸில் கால் வைக்கும் முன்பே அது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் விளையாட்டு விழாவில் சிவப்பு அணி மாஸ்டர் கோபித்துக்கொண்ட அடுத்த வருடமே நான் செய்த வேலை அதுதான். அறிவிப்புப் பலகையில் சாக்பீஸால் எழுதிப் போட்டேன். அவரே வந்து படித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் சண்டை வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், வேறு காரணத்துக்கு வந்தது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, இது என் ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு ஆட்டத்திலும் உண்மையில் முதலில் வந்தது யார் என்று ஹிகுச்சிக்கும் சகமோட்டோவுக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். ஸ்கீஸாஸுக்கும் ஒன்று. புள்ளி வேண்டாம், பதக்கம் வேண்டாம். நீங்கள் இத்தனையாவது வந்தீர்கள் என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு வரி போதும்.

என் நோட்டில் அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. 54, 53 என்று ஒரு பக்கம், 55, 54 என்று மறுபக்கம், இரண்டும் பென்சிலில். எதைப் பேனாவால் எழுதுவது என்று உங்கள் பதில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.